ஒரு சென்ட் தபால் கட்டணம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அமெரிக்கப் பத்திரிகைகள் சந்தைப் போட்டியில் தாமாகவே வளர்ந்தவை என்று பலரும் எழுதுகிறார்கள். என்னால் அதை ஏற்க முடியவில்லை. 1792ஆம் ஆண்டின் தபால் சட்டத்தைப் பாருங்கள். ஒரு தாள் கடிதத்துக்குத் தூரத்தைப் பொறுத்து 6 முதல் 25 சென்ட் வரை கட்டணம். செய்தித்தாளுக்கோ நூறு மைல் வரை ஒரே சென்ட், அதற்கு அப்பால் ஒன்றரை சென்ட். பத்திரிகை அலுவலகங்கள் தங்களுக்குள் இதழ்களைப் பரிமாறிக்கொள்ளக் கட்டணமே கிடையாது. எல்லைப்புறச் சிற்றூரில் கை அச்சு இயந்திரம் வைத்திருந்தவரும் பிலடெல்பியா செய்தியை எடுத்துத் தன் இதழில் அச்சிட முடிந்தது இதனால்தான். அந்தச் சிறு கட்டணத்தைக்கூட, பின்னாளில் அமெரிக்க அதிபரான ஜேம்ஸ் மாடிசன் பத்திரிகைமீதான வரியாகவே கண்டார்! பிரிட்டனிலோ இதழ்கள்மீது அரசு விதித்த முத்திரை வரி ஏழைகளின் கைக்குப் பத்திரிகையை எட்டவிடவில்லை. அது 1855இல்தான் நீங்கியது.

அமெரிக்க வானொலியை 1934ஆம் ஆண்டின் தகவல் தொடர்புச் சட்டம் பெரும்பாலும் வணிக நிலையங்களின் கையில் விட்டது. பொது ஒலிபரப்புக்கான சட்டம் வர 1967 ஆயிற்று. இவையும் அரசியல் முடிவுகளே.

உள்ளூர் இதழ்கள் மூடப்படும்போது, சந்தையின் விதி என்று அமெரிக்க அரசியல்வாதிகள் கைகட்டி நிற்பது வேதனை தருகிறது. இதுபற்றி எழுதும்போது அந்த ஒரு சென்ட் சலுகையையும் தங்கள் நாளிதழ் நினைவூட்ட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், தஞ்சாவூர்