பையில் ஒரு கள நோட்டு இருக்கும், பாருங்கள்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். இந்த வாரக் கடைசியில் பருவம் முடிகிறது, பிள்ளைகள் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். மதிப்பெண் பட்டியல் தனியாகத் தபாலில் வரும். அதோடு, அவர்கள் பையில் கையடக்கமான ஒரு நோட்டும் இருக்கும். கெட்டி அட்டை போட்டது, ஓரமெல்லாம் மண் அப்பியது. கள நோட்டு என்று இங்கே சொல்வோம். மதிப்பெண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் அதை வாங்கி ஒரு தடவை புரட்டிப் பாருங்கள். "இயற்கை வளக் கல்லூரி என்கிறீர்கள், அங்கே என் பிள்ளை என்னதான் படிக்கிறது?" என்று பலர் என்னிடம் கேட்டிருக்கிறீர்கள். அதற்கு என்னிடம் இருக்கிற நேரான பதில் அந்த நோட்டுதான்.

இந்தப் பருவத்தில் எனக்கு மிகவும் சந்தோஷம் கொடுத்த சம்பவத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். கல்லூரிக் காட்டில் நிரந்தர அளவீட்டுத் திட்டுகள் சில இருக்கின்றன. ஒவ்வொரு மரத்துக்கும் எண் உண்டு. ஆண்டுக்கு ஒரு முறை, இரண்டாம் ஆண்டு மாணவர்கள் போய் ஒவ்வொரு மரத்தின் சுற்றளவையும் அளந்து வருவார்கள். தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் டேப்பைச் சுற்ற வேண்டும். அதற்கு மார்பு உயரம் என்று பெயர். சில நாடுகளில் 1.37 மீட்டர் வைத்திருக்கிறார்கள். எந்த உயரமாக இருந்தாலும் சரி, ஒரே உயரத்தில் வருடா வருடம் அளக்க வேண்டும், அதுதான் முக்கியம்.

சரிவில் நின்ற ஒரு மரத்தைப் போன ஆண்டு மாணவர்கள் 96 சென்டிமீட்டர் என்று எழுதியிருந்தார்கள். இந்த ஆண்டு ஒரு மாணவி அளந்தபோது 93 வந்தது. மரம் எப்படி இளைக்கும்? கடும் வறட்சியில் பட்டை ஈரம் இழந்து கொஞ்சம் சுருங்குவது உண்டு, ஆனால் 3 சென்டிமீட்டர் சுருங்காது. டேப் சாய்ந்திருக்கிறதா என்று பார்த்தாள். அடியில் பாசியோ கொடியோ மாட்டியிருக்கிறதா என்று தடவிப் பார்த்தாள். மூன்று தடவை சுற்றினாள், மூன்று தடவையும் 93. கூட இருந்த ஒரு பையன், "97 என்று போட்டுவிடு, யார் பார்க்கப்போகிறார்கள்" என்றிருக்கிறான். அவள் 93 என்றே எழுதி, பக்கத்தில் "மூன்று முறை அளந்தேன், போன ஆண்டுக் கணக்கோடு ஒத்துவரவில்லை" என்று குறித்துவைத்தாள்.

அந்த ஒரு குறிப்பைப் பிடித்துக்கொண்டு ஆசிரியர் பழைய நோட்டுகளை எடுத்தார். அதே சரிவில் இன்னும் சில மரங்களிலும் அதே தகராறு. மூன்றாம் ஆண்டு மாணவர்களைக் கூப்பிட்டுக் கேட்டோம். அவர்களும் மறைக்கவில்லை. சரிவில் நிற்கும் மரத்தை மேட்டுப் பக்கம் நின்றுதான் அளக்க வேண்டும். போன ஆண்டு மேட்டுப் பக்கம் முள்புதராக இருந்ததால் இவர்கள் பள்ளத்துப் பக்கம் நின்று 1.3 மீட்டரைக் கணக்குப் பண்ணிவிட்டார்கள். பள்ளத்திலிருந்து கணக்கிட்டால் டேப் மரத்தில் தாழ்வான இடத்தில் விழும். அங்கே அடிமரம் பருமன். அதனால்தான் 96. மறுநாளே அவர்களும் இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளும் சேர்ந்து போய், டேப் சுற்ற வேண்டிய இடத்தில் எல்லா மரங்களுக்கும் பெயின்டால் ஒரு வளையம் போட்டுவிட்டு வந்தார்கள். போன ஆண்டு நோட்டில் தவறான எண்ணை யாரும் அழிக்கவில்லை. குறுக்கே ஒரே கோடு, பக்கத்தில் காரணம், தேதி, கையெழுத்து. அழிக்கக் கூடாது என்பது இங்கே சட்டம். மழையில் மை கரைந்துவிடும் என்பதால் பென்சிலில்தான் எழுதச் சொல்வோம், ஆனால் ரப்பர் எடுத்துப் போகக் கூடாது.

சுழற்கோப்பை வாங்கிய மாணவர்களைப் பற்றியும் எழுதத்தான் போகிறேன். ஆனால் சாதனை என்று யாராவது கேட்டால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அந்த 93தான். இன்று எழுதுகிற எண்ணை இன்னும் இருபது ஆண்டு கழித்து யாரோ ஒருவர் நம்பி எடுத்துப் படிக்கப்போகிறார். எங்கள் துறையில் பாதிக்கு மேல் அந்த நம்பிக்கையின் மேல்தான் நிற்கிறது. இங்கிலாந்தில் ராதம்ஸ்டெட் என்ற இடத்தில் 1843இல் ஒரு கோதுமை வயலில் உரப் பரிசோதனை தொடங்கினார்கள். இன்றும் அதே வயலில் நடக்கிறது. தொடங்கியவர்கள் யாரும் உயிரோடு இல்லை. அவர்கள் எழுதிவைத்ததும் எடுத்துவைத்த மாதிரிகளும் இருக்கின்றன.

மழைமானியைப் பற்றியும் சொல்ல வேண்டும். விடுதிக்குப் பின்னால் வேலி போட்ட ஒரு சிறு இடத்தில் இருக்கிறது. தினமும் காலை ஒரே நேரத்துக்குப் போய் எத்தனை மில்லிமீட்டர் என்று பார்த்து எழுத வேண்டும். முறை வைத்துப் போகிறார்கள். காய்ச்சல் என்றால் அறைத் தோழனை அனுப்புவார்கள். முதலாம் ஆண்டுக்காரர்கள் வந்ததும் நாங்கள் கற்றுக்கொடுக்கிற முதல் பாடம் இதுதான்: மழை இல்லாவிட்டால் 0 போடு, பார்க்கப் போகாவிட்டால் கோடு போடு. பூஜ்யமும் கோடும் ஒன்றல்ல. இந்தப் பருவத்தில் ஒரு பையன் தூங்கிவிட்டான். அன்று வானமும் வெளுப்பாகத்தான் இருந்தது, 0 என்று எழுதியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அவன் கோடு போட்டு, "தூங்கிவிட்டேன்" என்று எழுதியிருந்தான். அந்தப் பக்கத்தை வகுப்பில் எல்லோருக்கும் காட்டினோம், அவனைப் பாராட்டத்தான்.

சார்லஸ் டேவிட் கீலிங் என்ற அறிவியலாளர் 1958 மார்ச்சில் ஹவாயின் மௌனா லோவா மலைமேல் காற்றில் உள்ள கார்பன் டை ஆக்சைடை அளக்க ஆரம்பித்தார். அப்போது பத்து லட்சம் பங்கில் ஏறக்குறைய 313. இன்று 420ஐத் தாண்டிவிட்டது. 1964இல் பணம் இல்லாமல் கொஞ்ச காலம் அளவீடு நின்றுபோனது. அந்த இடைவெளி இன்றும் அந்தப் பதிவில் இருக்கிறது. அதை ஊகித்து நிரப்பி உண்மை அளவு என்று சொல்லியிருந்தால் மற்ற எண்களையும் உலகம் நம்பியிருக்காது. எங்கள் பையன் போட்ட கோடும் அதே இனம்தான் என்று நான் நினைக்கிறேன்.

நாற்றங்காலில் இந்த முறை ஒரு நஷ்டம். முதலாம் ஆண்டு மாணவர்கள் சிலர் விதை ஊன்றிய தட்டுகளுக்குப் பாசத்தில் காலையும் மாலையும் தண்ணீர் விட்டிருக்கிறார்கள். முளைத்து இரண்டு இலை விட்ட கன்றுகள் ஒரு வாரத்துக்குள் தரையோடு ஒட்டிய இடத்தில் கறுத்து, நூல் போல மெலிந்து சாய்ந்துவிட்டன. ஈரம் தேங்கினால் பூஞ்சை வந்து செய்கிற வேலை அது, நாற்றழுகல் என்போம். ஒரு மாணவி அழுதேவிட்டாள். அப்புறம் மணல் கூடுதலாகக் கலந்து, வடிகால் பார்த்து, மேல் மண் காய்ந்த பிறகே தண்ணீர் என்று முறை மாற்றி மறுபடி விதைத்தார்கள். இப்போது வரிசை வரிசையாக நிற்கின்றன. எந்தத் தட்டு எப்போது செத்தது, அன்று எவ்வளவு தண்ணீர் விட்டோம் என்பதும் நோட்டில் இருக்கிறது. உங்கள் மகள் அந்தக் குழுவில் இருந்தால் அந்தப் பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள், கூச்சப்படாமல் காட்டுவாள்.

விடுதி வாழ்க்கை எப்படி என்று கேட்கிறீர்கள். அறைகளில் எப்போதும் பழைய செய்தித்தாள் கட்டுகள் இருக்கும். பறித்த செடிகளைத் தாளுக்கு நடுவில் வைத்து அழுத்திக் காயவைக்கிறார்கள். தினமும் தாள் மாற்றாவிட்டால் பூசணம் பிடித்துவிடும். அதனால் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு தாழ்வாரம் முழுக்கத் தாள் மாற்றுகிற சத்தம்தான். வீட்டில் பழைய செய்தித்தாள் கேட்டால் தயவுசெய்து கொடுத்தனுப்புங்கள். குளத்துக்குப் போகிறவர்கள் செக்கி தட்டை எடுத்துப் போவார்கள். கறுப்பும் வெள்ளையுமாகப் பெயின்ட் அடித்த, 20 சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரு வட்டத் தட்டு. கயிற்றில் கட்டித் தண்ணீருக்குள் இறக்கி, எந்த ஆழத்தில் கண்ணுக்குத் தெரியாமல் போகிறது என்று பார்ப்பார்கள். 1865இல் ஆஞ்செலோ செக்கி என்ற பாதிரியார் மத்தியதரைக் கடலில் இப்படித்தான் தண்ணீரின் தெளிவைச் சோதித்தார். இவ்வளவு எளிமையான ஒன்று நூற்றைம்பது ஆண்டுக்கு மேல் தாக்குப்பிடித்திருப்பது பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. மண் வகுப்பில் ஈர மண்ணை விரலிடுக்கில் நசுக்கி நாடாவாக இழுத்துப் பார்ப்பார்கள். நாடா நீளமாக வந்தால் களிமண் அதிகம், உதிர்ந்தால் மணல் அதிகம். வீட்டுக்கு வந்தும் கண்ட இடத்தில் மண்ணைப் பிசைந்து பார்த்தால் திட்டாதீர்கள்.

இப்போது பரிசுகள். தாவரங்களை அடையாளம் காணும் போட்டியில் எங்கள் அணி சுழற்கோப்பை வாங்கிவந்தது. ஓடையில் கல்லுக்கடியில் வாழும் பூச்சிப் புழுக்களை வைத்துத் தண்ணீரின் தரத்தைக் கணித்த இறுதியாண்டு மாணவர்களின் ஆய்வைக் கருத்தரங்கில் பாராட்டினார்கள். செயற்கைக்கோள் படங்களை வைத்து ஏரிக்கரையில் வந்த மாற்றங்களை வரைபடமாக்கிய மாணவனுக்கு மேல்படிப்பு இடம் கிடைத்திருக்கிறது. லேண்ட்சாட் என்ற அமெரிக்கச் செயற்கைக்கோள்கள் எடுத்த படங்கள் 1972இலிருந்து இருக்கின்றன, 2008இலிருந்து எல்லோருக்கும் இலவசம். ஒரு கணினியும் பொறுமையும் இருந்தால் ஒரு மாணவனால் இன்று இதைச் செய்ய முடிகிறது. எல்லோருக்கும் என் வாழ்த்துகள்.

வேலையைப் பற்றிய கவலை எனக்குத் தெரியும். நானும் பிள்ளை பெற்றவன்தான். வனத்துறைக்கு மட்டும்தான் இந்தப் படிப்பு என்று நினைக்காதீர்கள். மண் ஆய்வு, நீர்வள மேலாண்மை, மீன்வளம், வரைபடத் தயாரிப்பு, சுற்றுச்சூழல் தாக்க ஆய்வு என்று எங்கள் பழைய மாணவர்கள் பல இடங்களில் இருக்கிறார்கள். எல்லோருக்கும் படித்து முடித்த உடனே வேலை கிடைத்துவிடும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். ஆனால் அளக்கத் தெரிந்த, அளந்ததை உள்ளபடி எழுதத் தெரிந்த ஆளுக்குத் தேவை இருந்துகொண்டே இருக்கிறது.

அடுத்து ஒரு மன்னிப்பு. களப்பயணம் போன ஒரு குழு இந்தப் பருவத்தில் இரண்டு மணி நேரம் தாமதமாகத் திரும்பியது. ஓடையில் தண்ணீர் ஏறியதால் சுற்றுவழியில் வந்திருக்கிறார்கள். முழங்காலுக்கு மேல் தண்ணீர் ஓடினால் இறங்கக் கூடாது என்ற விதியைப் பிள்ளைகள் காத்தார்கள், அது சரி. தவறு எங்களுடையது. அவர்கள் கையில் கொடுத்தனுப்பிய வாக்கிடாக்கியின் பேட்டரியைச் சோதிக்காமல் விட்டுவிட்டோம். அதனால் செய்தி சொல்ல முடியவில்லை. அன்று சாயங்காலம் தொலைபேசியில் என்னிடம் பேசிய தாய்மார்களின் குரல் இன்னும் காதில் இருக்கிறது. மன்னித்துக்கொள்ளுங்கள். இனிமேல் வெளியே போகும் பதிவேட்டில் கையெழுத்துப் போடும்போதே பேட்டரி பார்த்ததாகவும் ஆசிரியர் கையெழுத்துப் போட வேண்டும். தனியாக யாரும் காட்டுக்குள் போவதில்லை. மின்னல் தெரிந்து முப்பது விநாடிக்குள் இடி கேட்டால் வேலையை அப்படியே போட்டுவிட்டுக் கட்டடத்துக்கோ வண்டிக்கோ வந்துவிட வேண்டும். திரும்பி வந்ததும் உண்ணி ஏறியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்கிறோம். வீட்டுக்கு வந்ததும் நீங்களும் ஒரு தடவை காதுக்குப் பின்னாலும் முழங்கால் மடிப்பிலும் பார்த்துவிடுங்கள்.

கல்லூரி திறக்கும்போது கணுக்கால் மூடும் ஷூ ஒரு ஜோடி, தொப்பி, முழுக்கை சட்டை கொடுத்தனுப்புங்கள். புதிதாக வாங்க வேண்டாம், உழைத்த ஷூவே காலைக் கடிக்காது. விடுமுறையில் மழைமானி முறைக்காக இங்கேயே தங்கும் நால்வரின் பெற்றோர்களுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன்.

நோட்டைப் பார்க்கும்போது சில பக்கங்கள் நனைந்து நெளிந்திருக்கும். ஒரு பக்கம் நோட்டின் அட்டையோடு ஒட்டி எழுத்து பாதி போயிருக்கலாம். கறை பட்டிருக்கிறதே என்று வேறு நோட்டில் அழகாகத் திருப்பி எழுதச் சொல்லிவிடாதீர்கள். படி எடுக்கும்போதுதான் எண்கள் மாறும். காயவைத்து, அப்படியே பையில் திரும்பப் போட்டுவிடுங்கள். அடுத்த பருவத்தில் எங்களுக்கு அந்தப் பக்கம் வேண்டும்.

அன்புடன்,
கல்லூரி முதல்வர்