‘பீடியை விடு’ என்றால் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கால் ரத்தக்குழாய் அடைப்பு பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரை பயனுள்ளதாக இருந்தது. ஆனால் ‘புகைப்பதை உடனே நிறுத்த வேண்டும்’ என்று அது ஒரே வரியில் கடந்துபோன இடம்தான் இந்நோய்க்குப் பாதி வைத்தியம் என்பதால், சேலத்தில் மருந்தாளுநராக இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

சேர்வராயன் மலைத் தோட்டங்களில் வேலை செய்வோர், ஏற்றத்தில் சிறிது தூரம் நடந்ததும் கெண்டைக்கால் இறுகுவதையும், சற்று நின்றால் வலி விட்டுவிடுவதையும் ‘நரம்பு இழுக்குது’ என்பார்கள்; அது இந்த அடைப்பின் அறிகுறியாக இருக்கலாம். அப்படி நிற்கும்போதே கை மடியிலுள்ள பீடிக்கட்டைத் தேடும். நிகோடின் ரத்தக்குழாயைச் சுருக்குகிறது; புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடோ ரத்தம் சுமக்கும் ஆக்சிஜனைக் குறைக்கிறது. புகையை விடாதவருக்கு நடைவலி ஆறாப் புண்ணாகி, காலையே எடுக்கும் நிலை வரும் வாய்ப்பு அதிகம். இளவயதிலேயே விரல்களைக் கறுக்கவைக்கும் பர்ஜர் நோயில், நாளுக்கு ஒன்றிரண்டு பீடிகூட நோயை அடங்கவிடாது. ‘குறைத்துவிட்டேன்’ என்ற பேச்சு அங்கே செல்லாது.

புகை கெடுதல் என்பது நோயாளிக்குத் தெரியும். நிறுத்திய முதல் வாரத்து எரிச்சலையும் தூக்கமின்மையையும் எப்படித் தாண்டுவது என்பதுதான் தெரியாது. புகையில்லாமல் நிகோடினை மட்டும் சிறிதளவில் தந்து அந்த அவஸ்தையைத் தணிக்கும் நிகோடின் மாற்று மருந்து 2022ஆம் ஆண்டின் தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்க்கப்பட்டுள்ளது. ஆனால் நிகோடின் சூயிங்கத்தை மெல்லும் முறையைப் பெரும்பாலும் யாரும் சொல்லித் தருவதில்லை. மிட்டாய் போல மென்று விழுங்கினால் விக்கலும் நெஞ்செரிச்சலும்தான் மிஞ்சும். மெதுவாக மென்று, காரம் ஏறியதும் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கி, காரம் அடங்கிய பின் மறுபடி மெல்ல வேண்டும். காப்பி குடித்த வாயில் போட்டால் நிகோடின் சரியாக ஏறாது. கால் மணி நேரமாவது இடைவெளி வேண்டும். (காப்பி விளையும் மலையில் இதைச் சொல்வது சிரமம்தான்.) இது தெரியாமல், ‘பபுள்கம் கொடுத்து ஏமாத்துறீங்களா?’ என்று சூயிங்கம் அட்டையைக் கடைக்கே திருப்பிக் கொண்டுவந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பர்ஜர் நோயாளிகளுக்கு நிகோடின் எந்த வடிவிலும் ஆகாமல் போகலாம் என்பதால், வரெனிக்ளின், புப்ரோபியான் போன்ற நிகோடின் இல்லாத மாத்திரைகளை மருத்துவர் பரிசீலிக்க வேண்டும்.

ஏற்காட்டிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி வருபவரிடம், ஆலோசனைக்கு இன்னொரு நாள் வரச் சொன்னால் அவர் வரப்போவதில்லை. காலில் நாடி பார்க்கும் அதே புறநோயாளிப் பிரிவில், அதே நாளில், புகை நிறுத்த ஆலோசகர் ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும். 1800-11-2356 என்ற கட்டணமில்லா உதவி எண் புகையிலைப் பொருள்களின் உறையிலேயே அச்சாகிறது. உறையைக் கிழித்தெறிபவர் அதைப் படிப்பார் என்று நம்பியிராமல், மருத்துவமனையிலேயே அவர் கைப்பேசியிலிருந்து அழைத்துப் பேசவைக்கலாம். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் 2021 முதல் ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளோடு வீடு தேடி வரும் பணியாளர்கள், புகையை விட்டவரின் வீட்டில் முதல் மாதம் மட்டுமாவது கூடுதலாக ஒருமுறை எட்டிப் பார்க்கும்படி சேலம் மாவட்டச் சுகாதாரத் துறை ஏற்பாடு செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற மருந்தாளுநர் ஒருவர்,
அஸ்தம்பட்டி, சேலம்.