பழையதாகவே வாங்கலாமா என்று கேட்டாயே

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. வீடு மாறியாச்சு, மகளும் கல்லூரிக்குப் போகத் தொடங்கிவிட்டாள் என்று படித்ததும் ரொம்ப சந்தோஷம், நம் வயசை நினைத்தபோதுதான் கொஞ்சம் திக்கென்றது. இங்கே எல்லோரும் நலம். படி ஏறும்போது முட்டி மட்டும் முனகுகிறது, அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

சரி, நீ அனுப்பிய பட்டியலுக்கு வருகிறேன். லேப்டாப், ஃபிரிட்ஜ், மேசை, அலமாரி, திரைச்சீலை, மகளுக்கு ஹெல்மெட், எல்லாமே செகண்ட் ஹேண்டில்தான் வாங்கப் போகிறேன், பூமிக்கு என்னால் ஆனது என்று எழுதியிருக்கிறாய். நல்ல காரியம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே: பழைய வீட்டில் இருந்த மேசைக்கு என்ன குறை? புது வீட்டு டைல்ஸுக்கு அந்த நிறம் பொருந்தவில்லை என்பதைத் தவிர வேறு காரணம் இருந்தால் எழுது, கேட்டுக்கொள்கிறேன்.

பழையது எது வாங்கினாலும் சுற்றுச்சூழலுக்கு நல்லது என்று எல்லோர் மனசிலும் ஒரு கணக்கு ஓடுகிறது. அது பாதிதான் சரி. நீ வாங்கும் பழைய பொருளால் எங்கேயோ ஒரு புதுப் பொருளின் விற்பனை நின்றுபோனால்தான் மண்ணுக்கும் தண்ணீருக்கும் ஏதாவது மிச்சமாகும். எனக்குத் தெரிந்த ஒருவர் பழைய துணி வாங்குவதில் மன்னர். மலிவாகக் கிடைக்கிறதே என்று பை பையாக அள்ளி வருவார், புதுத் துணி வாங்குவதையும் நிறுத்தவில்லை. அவர் பீரோவைத் திறந்தால் துணி மேலே வந்து விழும். வாங்கியது பழையது, ஆனால் மிச்சமானது எதுவும் இல்லை. இன்னொருவர், பழைய பொருள் வாங்கி மிச்சம் பிடித்த காசில் விமானம் ஏறிச் சுற்றுலா போய்வந்தார். அதையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் என்ன வரும் என்று நீயே யோசி. ஆக, உனக்குக் கிடைக்கிற முதல் செகண்ட் ஹேண்ட் பொருள் ஏற்கெனவே உன் வீட்டில் இருப்பதுதான், அதற்கு அடுத்ததுதான் கடையில் இருப்பது.

லேப்டாப்பைப் பழையதாக வாங்கு என்று தயங்காமல் சொல்வேன். போன், லேப்டாப் இரண்டும் நம் கையில் இருக்கும்போது குடிக்கிற மின்சாரம் குறைவு. கனிமம் தோண்டி, உருக்கி, சிப் செய்து, கப்பலில் ஏற்றி அனுப்புவதற்குள்ளேயே கேடு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. ஒரு ஸ்மார்ட்போன் தன் வாழ்நாளில் வெளியிட வைக்கும் கரியமில வாயுவில் ஏறத்தாழ 80 சதவீதம் தயாரிப்போடு வருவதுதான். அதனால் இருக்கிற போனை இன்னும் இரண்டு வருஷம் ஓட்டுவதைப் போல லாபம் வேறெதிலும் இல்லை. 2022இல் மட்டும் உலகம் வீசி எறிந்த மின்னணுக் குப்பை 6.2 கோடி டன் என்று ஐ.நா. அறிக்கை சொல்கிறது. அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகக் கணக்கில் வந்தது 22.3 சதவீதம். இதைப் படித்த பிறகு, மறுசுழற்சிக்குத்தானே கொடுக்கிறோம் என்று நிம்மதியாகப் புது போன் வாங்க என்னால் முடியவில்லை.

பெரிய அலுவலகங்கள் மூன்று நான்கு வருஷம் ஓட்டிவிட்டுக் கழித்துவிடுகிற லேப்டாப்புகளாகத் தேடு. பார்க்க அழகாக இருக்காது, செங்கல் மாதிரி கனக்கும், ஆனால் உடம்பு உறுதி, உதிரி பாகமும் கிடைக்கும். போனதும் விற்கிறவர் பேச்சைக் கேட்டுக்கொண்டே திரையை மெதுவாகத் திறந்து மூடிப் பார். கீல் கிரீச்சிட்டாலோ, பாதியில் விட்டால் திரை தானாகச் சாய்ந்தாலோ உஷார். வெறும் வெள்ளைப் பக்கம் ஒன்றை முழுத் திரைக்கு வைத்தால் செத்த புள்ளிகளும் ஓரத்துக் கறையும் தெரிந்துவிடும். ஒவ்வொரு எழுத்தையும் ஒரு முறை தட்டு, ஸ்பேஸ் பாரை இரண்டு முனையிலும் தட்டு. சார்ஜரைச் செருகிவிட்டுப் பின்னை லேசாக அசை, சார்ஜ் விட்டு விட்டு ஏறினால் வேண்டாம். விண்டோஸிலேயே பேட்டரி அறிக்கை எடுக்கலாம். செய்தபோது இருந்த கொள்ளளவும் இப்போது முழுதாக ஏற்றினால் நிற்கும் கொள்ளளவும் அதில் வரும், இரண்டுக்கும் உள்ள இடைவெளிதான் நீ பேரம் பேச வேண்டிய இடம். பேட்டரி தேய்ந்திருந்தால் மாற்றிக்கொள்ளலாம், அதற்காக மெஷினையே ஒதுக்காதே. ஆனால் பழைய அலுவலகம் போட்ட பூட்டோ, மெஷினைப் போட்டதுமே கேட்கிற பயாஸ் பாஸ்வேர்டோ இன்னும் இருந்தால் காசு கொடுக்காமல் எழுந்து வந்துவிடு, பிறகு எடுத்துத் தருகிறேன் என்ற வாக்குறுதியெல்லாம் அந்த வாசலோடு சரி.

இதில் ஒரு வேடிக்கை. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு, அதாவது பாதுகாப்புத் திருத்தங்கள் வருவது, 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த லேப்டாப்புகள் பல, விண்டோஸ் 11 ஏறாத ஒரே குற்றத்துக்காகச் சந்தைக்கு வந்துவிட்டன. மெஷினில் ஒரு பழுதும் இல்லை, தலையெழுத்து மட்டும்தான் மாறியது. அதில் விண்டோஸுக்குப் பதிலாக, இலவசமாகக் கிடைக்கிற லினக்ஸைப் போட்டால் கட்டுரை எழுத, பாடம் படிக்க, வீடியோ பார்க்க, உன் மகளுக்குத் தாராளமாகப் போதும். அவள் பாடத்துக்கு விண்டோஸில் மட்டும் ஓடுகிற மென்பொருள் ஏதாவது வேண்டுமா என்று மட்டும் முதலில் விசாரித்துக்கொள். வேண்டுமென்றால் 11 ஏறும் மாடலாகப் பார்.

ஃபிரிட்ஜ் கதை இதற்கு நேர்மாறு. அது ராத்திரி பகல் பாராமல் வருஷக்கணக்கில் ஓடுகிற பொருள், அதன் கேடு பெரும்பாலும் மின்சார பில்லில்தான் இருக்கிறது. ரொம்பப் பழைய ஃபிரிட்ஜை மலிவு என்று வாங்கிவந்தால் வாங்கும்போது மிச்சம் பிடித்ததை மாசாமாசம் மின்சாரத்துக்குக் கட்டுவாய். நாலைந்து வருஷத்துக்கு உட்பட்டது, மின்சிக்கன முத்திரை உள்ளது கிடைத்தால் சரி. கதவு ரப்பரை மட்டும் சோதித்துக்கொள்: ஒரு தாளைக் கதவிடுக்கில் வைத்து மூடிவிட்டு இழு, சுலபமாக வந்துவிட்டால் குளிர் அந்த வழியாகக் கசிகிறது என்று அர்த்தம். ரப்பர் மாற்றக்கூடியதுதான். முப்பது நாற்பது வருஷத்துக்கு முந்திய ஃபிரிட்ஜுகளில் ஓசோன் படலத்தை அரிக்கும் சி.எஃப்.சி. வாயு இருந்தது. அதைக் கட்டுப்படுத்தத்தான் 1987இல் மான்ட்ரியல் ஒப்பந்தம் போட்டார்கள். அந்த வாயு, பூமியைச் சூடாக்குவதிலும் கரியமில வாயுவைவிடப் பல ஆயிரம் மடங்கு கெட்டது. அப்படி ஒன்று யார் வீட்டிலாவது கிடந்தால் குழாயை வெட்டி இரும்புக்குப் போட விடாதே, வாயுவை முறையாக வெளியே எடுக்கத் தெரிந்தவரிடம் போக வேண்டும்.

ஹெல்மெட் மட்டும் புதிதாகவே வாங்கு, இதில் விவாதமே வேண்டாம். உள்ளே இருக்கும் தெர்மோகோல் ஒரு முறை நசுங்கினால் நசுங்கியதுதான், அடுத்த அடியைத் தாங்காது. வெளியே கீறல்கூட இருக்காது. யார் தலையோடு எங்கே விழுந்தது என்று விற்கிறவருக்கே தெரிந்திருக்காது. காரில் மாட்டும் குழந்தை இருக்கையும் இதே வகைதான். நிறம் உரிந்த ரொம்பப் பழைய பொம்மைகளும் வேண்டாம், அந்தக் காலத்துப் பெயின்டில் ஈயம் இருக்கும். மரச் சாமான் வாங்கினால் ஒரு டார்ச் எடுத்துக்கொண்டு போய் அடிப்பக்கம் பார். ஊசித் துவாரங்கள் இருந்து, கீழே மாவு போல் புதுத் தூளும் உதிர்ந்திருந்தால் வண்டு இன்னும் உள்ளே இருக்கிறது. துவாரம் மட்டும் இருந்து தூள் இல்லையென்றால் பெரும்பாலும் அது பழைய கதை. டிராயரை முழுதாக வெளியே இழுத்து மூலையைப் பார், பலகையோடு பலகை பல்லாகக் கோத்திருந்தால் உன் பேரன் காலம் வரை வரும். வெறும் ஸ்டேப்பிளர் பின் அடித்த மரத்தூள் பலகை என்றால் இன்னொரு வீடு மாறும்போது நொறுங்கிவிடும்.

துணிக்கு வருவோம், இதில்தான் எனக்கு ஆதங்கம் அதிகம். ஒரே ஒரு பருத்தி டி-ஷர்ட்டுக்கு, பருத்தி விளைவதில் தொடங்கிச் சுமார் 2,700 லிட்டர் தண்ணீர் போகிறது. ஒரு ஆள் இரண்டரை வருஷம் குடிக்கிற தண்ணீர். பழைய துணியை உருக்கிப் புதுத் துணி நெய்துவிடுவார்கள் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஆனால் ஆடைகளுக்குப் போகும் மூலப்பொருளில் மறுபடி ஆடையாக மாறுவது 1 சதவீதம்கூட இல்லை. பருத்தியும் பாலியெஸ்டரும் கலந்து நெய்ததைப் பிரிப்பது அவ்வளவு லேசான வேலை இல்லை. ஆகவே துணியை உடுத்தித் தீர்ப்பதுதான் ஒரே வழி. உடுத்திய துணியில் சௌகரியங்களும் உண்டு: சுருங்க வேண்டியது சுருங்கியிருக்கும், சாயம் போக வேண்டியது போயிருக்கும், தையல் எப்படிப்பட்டது என்பது நாலு சலவையிலேயே தெரிந்திருக்கும்.

ஆனால் வாங்குவதைப் பற்றி மட்டும் பேசிவிட்டுக் கொடுப்பதை மறந்துவிடுகிறோம். ஜிப் போனது, கறை படிந்தது, எலாஸ்டிக் தளர்ந்தது எல்லாவற்றையும் மூட்டை கட்டி நன்கொடைப் பெட்டியில் போட்டுவிட்டுப் புண்ணியம் சேர்ந்ததாக வீடு திரும்புகிற ஆட்களை நீயும் பார்த்திருப்பாய். அது கொடை இல்லைடா, நம் குப்பையை அடுத்தவர் தலையில் கட்டுவது. அந்த மூட்டைகளில் கணிசமானவை கண்டம் விட்டுக் கண்டம் போகின்றன. கானா நாட்டின் அக்ராவில் கன்டமான்டோ என்ற பெரிய பழந்துணிச் சந்தை இருக்கிறது, அங்கே துணியைப் பிரித்து, தைத்து, சாயம் போட்டு விற்றே ஆயிரக்கணக்கானவர்கள் பிழைக்கிறார்கள். காசு கொடுத்து வாங்கிய மூட்டையைத் திறந்தால் உள்ளே கிழிசல் கிடப்பதும் அவர்களுக்குப் பழகிப்போனது. சிலியின் அட்டகாமா பாலைவனத்தில் விலை போகாத துணி மலை மலையாகக் கிடக்கிறது. நானே காசு கொடுத்து வாங்குவேனா என்று ஒரு தடவை கேட்டுக்கொண்டு மூட்டை கட்டினால் இதில் பாதி குறையும். வாங்க மாட்டாய் என்றால் கிழித்துத் துடைக்கும் துணியாக வைத்துக்கொள்.

ரிப்பேரைப் பற்றி எழுதாமல் முடித்தால் எனக்கு மனசு ஆறாது. போன மாதம் எங்கள் டேபிள் ஃபேன் சோம்பிப் போய்ச் சுற்றியது, முழு வேகத்தில் வைத்தாலும் காற்றே இல்லை, கையால் ஒரு தள்ளு தள்ளினால்தான் கிளம்பும். வீட்டில் எல்லோரும் மோட்டார் போச்சு, புதுசு வாங்கு என்று தீர்ப்பு எழுதிவிட்டார்கள். நான் ஒயரைப் பிடுங்கி ஓரமாக வைத்துவிட்டு அடிமூடியைக் கழற்றினேன். உள்ளே பெருவிரல் அளவில், மோட்டாரைக் கிளப்பிவிடுகிற ஒரு கண்டென்சர், பக்கவாட்டில் லேசாக உப்பியிருந்தது. அதன் மேல் எழுதியிருந்த அதே மைக்ரோஃபாரட் அளவில் ஒன்று வாங்கி மாட்டினேன், ஃபேன் பழையபடி சீறிக்கொண்டு சுற்றியது. எவ்வளவு ஃபேன் இந்தச் சின்னத் துண்டுக்காகக் குப்பைக்குப் போகிறதோ! உனக்கு இதில் பழக்கமில்லையென்றால் தெரிந்தவரை வைத்துச் செய், ஒயரைப் பிடுங்கிய பிறகும் கண்டென்சர் ஷாக் அடிக்கும்.

2009இல் ஆம்ஸ்டர்டாமில் மார்ட்டினே போஸ்ட்மா என்ற பெண்மணி 'ரிப்பேர் கஃபே' என்று ஒன்று ஆரம்பித்தார். பழுதான பொருளோடு யாரும் வரலாம், வேலை தெரிந்தவர்கள் காசு வாங்காமல் பக்கத்தில் உட்கார்த்தி வைத்து உன்னையும் வேலையில் சேர்த்துக்கொண்டு ரிப்பேர் செய்வார்கள். இப்போது அது பல நாடுகளில் நடக்கிறது. எனக்குப் பிடித்தது அந்தப் 'பக்கத்தில் உட்கார்த்தி வைத்து' என்பதுதான், ஒரு தடவை மூடியைத் திறந்து பார்த்தவன் அடுத்த தடவை அவ்வளவு லேசில் வீசமாட்டான். பிரான்சில் 2021இல், போன், லேப்டாப் போன்றவற்றின் மேல், அதை ரிப்பேர் செய்வது எவ்வளவு சுலபம் என்று பத்துக்கு மதிப்பெண் போட்டுத்தான் விற்க வேண்டும் என்று விதி கொண்டுவந்தார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் பழுதுபார்க்கும் உரிமைக்கென்றே சட்டம் கொண்டுவந்தது. நாம் ஒவ்வொருவராகப் பழையது வாங்குவதைவிட இந்த மாதிரிச் சட்டத்துக்குப் பலம் அதிகம் என்பது என் அபிப்பிராயம். பேட்டரியைக் கழற்ற முடியாதபடி பசை போட்டு ஒட்டி விற்கிறவனை விட்டுவிட்டு, வாங்குகிறவனுக்கு மட்டும் உபதேசம் செய்தால் எப்படி?

அப்புறம், உன் பழைய போனை விற்கப் போவதாக எழுதியிருந்தாய். கணக்கிலிருந்து வெளியேறிவிட்டு, அதற்குப் பிறகு ரீசெட் செய். வரிசை மாறினால் வாங்கியவர் கையில் அது உன் பாஸ்வேர்டு கேட்கும் வெறும் கண்ணாடித் துண்டு.

கடைசியாக ஒரு சுயநலம். உங்கள் வீட்டில் காலால் மிதிக்கிற தையல் மெஷின் ஒன்று இருக்குமே, இன்னும் இருக்கிறதா? நீங்கள் யாரும் தொடுவதில்லை என்றால் எனக்குக் கொடு, பழைய பொருள் விற்கும் விலை என்னவோ அதைத் தருகிறேன், சும்மா வேண்டாம். என் சட்டைக் காலர்கள் எல்லாம் ஒரு பக்கம் நைந்துபோயிருக்கின்றன, பிரித்துத் திருப்பித் தைத்தால் இன்னொரு சுற்று வரும். மெஷினின் தோல் பெல்ட் இற்றுப்போயிருக்கும், அது இன்னமும் கிடைக்கிறது. சக்கரம் கையால் சுற்றினால் நகர்கிறதா என்று மட்டும் பார்த்து எழுது, இறுகியிருந்தால் பலம் காட்டாமல் துவாரங்களில் மெஷின் எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி அப்படியே வை.

மகளுக்கு என் வாழ்த்து.

அன்புடன்,
உன் நண்பன்