மணப்பாடு குன்றும் கல்லறைத் தோட்டமும்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024-25

தலைவர் அவர்களே, பங்குத்தந்தை அவர்களே, ஊர்ப் பெரியவர்களே, தாய்மாரே, தம்பி தங்கைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

போன பொதுக்குழுவில் நம் சங்கத்திடம் ஒரே ஒரு வேலையைத்தான் ஒப்படைத்தீர்கள். கல்லறைத் தோட்டத்துப் பழைய கற்களில் எழுத்து முழுக்கப் போய்விடும் முன் பெயர்களை எழுதி எடுக்க வேண்டும். அது பாதிகூட முடியவில்லை. ஏன் முடியவில்லை என்பதுதான் இந்த அறிக்கையின் பெரும்பகுதி.

குன்றைப் பற்றி இங்கே யாருக்கும் நான் சொல்ல வேண்டியதில்லை. புதிதாகச் சேர்ந்த கல்லூரிப் பிள்ளைகள் கேட்டதால் பதிவேட்டில் சுருக்கமாக எழுதி வைத்தோம். 1540 வாக்கில் புயலில் சிக்கித் தப்பிய போர்ச்சுக்கீசியக் கப்பலின் தலைவன், முறிந்த பாய்மரத்தில் சிலுவை செய்து குன்றின்மேல் நட்டான் என்பது நம் முன்னோர் சொல்லி வந்தது. புனித பிரான்சிஸ் சவேரியார் நம் முத்துக்குளித்துறைக் கடற்கரைக்கு வந்தது 1542இல். கடல் பார்த்த குகையில் அவர் தங்கினார் என்பதும் வழிவழிச் செய்திதான். ஆனால் 1544இல் மணப்பாட்டிலிருந்து அவர் எழுதிய கடிதங்கள் இருக்கின்றன. அது எழுத்துச் சான்று. திருச்சிலுவை ஆலயத்துக்கு 1581 என்று ஆண்டு சொல்கிறோம். சொல்லி வந்ததை ஒரு பக்கத்திலும் எழுதிக் கிடைத்ததை இன்னொரு பக்கத்திலும் குறிக்கச் சொன்னேன். இரண்டையும் கலந்துவிட்டால் பிறகு பிரிக்க முடியாது.

இனி கல்லறைத் தோட்டம். முதல் வாரமே ஒரு தம்பி, "மாமா, ஓடி வாங்க! 1078ன்னு போட்டிருக்கு, சவேரியாருக்கும் முந்தின கல்லு!" என்று கத்தினான். அரை நாள் ஒரே பரபரப்பு. செல்பேசியில் படம் ஊர் முழுக்கப் போய்விட்டது. மெழுகுவர்த்தி ஏற்ற வந்த ஒரு பாட்டி நின்று பார்த்துவிட்டு, "ஏல, அது கொல்லம் ஆண்டுல்லா? அந்தக் காலத்துல அப்படித்தான எழுதுவாவ" என்று சொல்லிவிட்டு நடந்தார்கள். கொல்லம் ஆண்டு என்பது கேரளத்திலும் நம் தென்பகுதியிலும் வழங்கிய பழைய ஆண்டுக்கணக்கு. அதை ஆங்கில ஆண்டாக்க, மாதத்தைப் பார்த்து 824 அல்லது 825 கூட்ட வேண்டும். அப்படிப் பார்த்தால் அந்தக் கல் 1902-03. சவேரியார் 1552இலேயே இறந்துவிட்டார். படத்தைப் பகிர்ந்தவர்களில் நானும் ஒருவன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

எழுத்தும் லேசில் பிடிபடுவதில்லை. பழைய கற்களில் புள்ளி வைக்கும் வழக்கம் இல்லை. ரகரமும் காலும் ஒரே வடிவம். எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் ஒரே கொம்பு. 'கொமெசு' என்று செதுக்கியிருப்பதைக் கோமஸ் என்று படிப்பதற்குள் தலை சுற்றிவிடும். அதனால் கல்லில் இருப்பதை இருக்கிறபடி ஒரு வரியிலும், நாம் படிப்பதை அடுத்த வரியிலும் எழுதுகிறோம்.

உச்சி வெயிலில் போனால் கல் மொழுமொழு என்றுதான் தெரியும். சாயங்கால வெயில் பக்கவாட்டில் விழும்போதுதான் பள்ளத்தில் நிழல் தங்கி எழுத்து மேலே வரும். மற்ற நேரங்களில் கண்ணாடி பிடித்து வெளிச்சத்தைச் சாய்த்துவிட வேண்டும். என் வீட்டு அலமாரிக் கண்ணாடியைக் கழற்றிக் கொண்டுபோய் ஆறு மாதமாகிறது. வீட்டில் அதற்கு என்ன பேச்சு வாங்கினேன் என்பது அறிக்கைக்கு வேண்டாம்.

வருத்தமான ஒன்றையும் சொல்ல வேண்டும். வெளியூரிலிருந்து விடுமுறைக்கு வந்த ஒரு குடும்பத்தார், பாட்டனார் கல்லறை பாழடைந்து கிடக்கிறதே என்று, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, சிமெண்ட் பூசி, வெள்ளை பெயிண்ட் அடித்துவிட்டுப் போனார்கள். பாசத்தில் செய்ததுதான். ஆனால் அந்தக் கல்லை நாங்கள் இன்னும் படம் எடுத்திருக்கவில்லை. எழுத்து போனது போனதுதான்.

கடல்காற்றில் வரும் உப்பு ஈரத்தோடு கல்லுக்குள்ளும் காரைக்குள்ளும் இறங்குகிறது. காயும்போது படிகமாகிப் பருத்து மேல்தோலை உள்ளிருந்தே உடைக்கிறது. சுண்ணாம்புக் காரை என்றால் ஈரம் வெளியேறும். உதிர்ந்தாலும் காரைதான் உதிரும். சிமெண்ட் ஈரத்தை அடைத்து வைக்கும். கல் பொரிந்து பாளம் பாளமாக விழும். 'புதுப்பிக்கிறோம்' என்ற சொல்லைக் கேட்டாலே இப்போது எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

உடைந்த ஒரு சிறு கல்லறை மேடையில் மட்டும், அதற்குரிய குடும்பத்தாரைக் கேட்டுக்கொண்டு, சுண்ணாம்புக் காரை போட்டுப் பார்த்தோம். சுண்ணாம்பை நீற்றிப் புளிக்க வைத்து, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீர் சேர்த்தார் கொத்தனார். உடன்குடிக் கருப்பட்டியில் பாதிதான் காரைக்குப் போனது. மீதி எங்கே போனது என்று பிள்ளைகளைத்தான் கேட்க வேண்டும். ஒரு மழைக்காலம் தாங்குகிறதா என்று பார்த்த பிறகே அடுத்ததைத் தொடுவோம்.

நவம்பர் 2 கல்லறைத் திருநாளில் கல்லின்மேல் மெழுகுவர்த்தி வைக்காதீர்கள் என்று கேட்டுக்கொண்டு, மணல் நிரப்பிய தட்டுகள் வைத்தோம். பாதிப் பேர் கேட்டார்கள். மீதிப் பேர் ஏற்றியதில் கல்லில் வழிந்த மெழுகை மூங்கில் சீவலால் சுரண்டி எடுக்க எங்களுக்கு இரண்டு ஞாயிறு ஆயிற்று.

செப்டம்பர் 14 திருச்சிலுவை மகிமைத் திருவிழாவில் குன்றுப் பாதையில் தண்ணீர்ப் பந்தல் வைத்தோம். கூட்டங்கள் ஒழுங்காக நடந்தன. கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்.

பக்கத்திலுள்ள குலசேகரன்பட்டினம் ராக்கெட் தளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டியதிலிருந்து, அதிர்வில் ஆலயத்துக்கு ஏதும் ஆகுமா என்று பலர் கேட்கிறார்கள். பயப்படுவதைவிட, இப்போது சுவரில் இருக்கிற விரிசல்களை அளவுகோல் வைத்துப் படமெடுத்துத் தேதியிட்டு வைப்பது நல்லது என்று செயற்குழு முடிவு செய்தது. பங்குத்தந்தையின் அனுமதி கிடைத்ததும் தொடங்குவோம்.

வரும் ஆண்டுக்கு ஒரே வேண்டுகோள். அடக்கத்தின்போது கல்லறையருகே குடும்பமாக நின்று எடுத்த பழைய படங்கள் உங்கள் வீட்டுப் பெட்டியில் கிடக்கலாம். இன்று படிக்க முடியாத கல் அதில் தெளிவாக இருக்கக்கூடும். கொண்டுவந்தால் அங்கேயே நகல் எடுத்து உடனே திருப்பித் தந்துவிடுவோம். கல்லறையில் சிமெண்ட் வேலை நினைப்பவர்கள் அதற்கு முன்னால் எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள், படமாவது எடுத்துக்கொள்கிறோம்.

அறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டு, பொருளாளரை அழைக்கிறேன்.

செயலாளர்