தென்னை ஏறும் கருவியைச் சோதிப்பது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தென்னை ஏறும் கருவிப் பயிற்சி பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பயிற்சியைப் பாராட்டி எழுதியிருந்தீர்கள். அதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. தென்னை வளர்ச்சி வாரியம் 2011இல் ‘தென்னை மரங்களின் நண்பர்கள்’ திட்டத்தைத் தொடங்கிய பிறகு, பரம்பரையாக மரம் ஏறாத வீட்டுப் பிள்ளைகளும் பெண்களும்கூட இந்த வேலைக்கு வந்தார்கள். ஆறு நாள் பயிற்சி, கையில் ஒரு கருவி, கூடவே காப்பீடு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் கொடுத்த கருவி இரண்டு மூன்று வருடம் கழித்து எந்த நிலையில் இருக்கிறது, அதை யார் பார்க்கிறார்கள் என்று கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. நான் பேராவூரணிப் பக்கம் தோப்பு வைத்திருப்பவன். எனக்குத் தெரிந்து யாரும் பார்ப்பதில்லை.

கண்ணூர் மாவட்டம் செம்பேரி ஜோசப் வடிவமைத்த, நின்றபடி ஏறும் கருவியைத்தான் எங்கள் தோப்புக்குக் கொண்டுவருகிறார்கள். இடது காலுக்கு ஒன்று, வலது காலுக்கு ஒன்று என இரண்டு பாகம். ஒவ்வொன்றிலும் ஓர் இரும்பு வடம் மரத்தைச் சுற்றி வந்து மாட்டிக்கொள்ளும். காலை ஊன்றினால் உடம்பின் எடையே வடத்தை மரத்தோடு இறுக்கும், தூக்கினால் தளரும். அறுபதடி மரத்தில் ஏறி இறங்க இது எத்தனை முறை நடக்கும், நாளுக்கு நாற்பது மரம் என்றால் எத்தனை முறை என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். வளைந்து மாட்டும் இடத்தில்தான் வடம் முதலில் தேயும். மெல்லிய கம்பி இழைகளை முறுக்கித் திரித்தது அது. ஒன்றிரண்டு இழை அறுந்தால் பார்வைக்குத் தெரியாது. பழைய துணி ஒன்றை வடத்தின் மேல் இழுத்துப் பார்த்தால் அறுந்த இழையில் நூல் சிக்கும். (வெறுங்கையால் தடவ வேண்டாம், கிழித்துவிடும்.) மேலே குழாய் போட்ட வடம் என்றால் துணியும் உதவாது. உள்ளே தண்ணீர் இறங்கித் துருப்பிடிப்பதைக் குழாயைக் கழற்றினால்தான் பார்க்க முடியும்.

அப்புறம், மரத்தைப் பிடிக்கும் ரப்பர். வெயிலில் கிடந்து இறுகிப்போனால் ஈர மரத்தில் பிடிக்காது. வெல்டிங்கில் விட்ட விரிசலின் மேல் பெயின்ட் அடித்த கருவியையும், தொலைந்த போல்ட்டுக்குப் பதிலாகக் கைக்குக் கிடைத்த போல்ட்டை முடுக்கிய கருவியையும் எங்கள் தோப்பிலேயே பார்த்திருக்கிறேன். பாதுகாப்பு பெல்ட் கட்டுகிறவர்கள் குறைவு. கட்டுகிறவர்களும் அதைப் பூச்சிமருந்து தெளிப்பானோடு ஒரே சாக்கில் போட்டு வைக்கிறார்கள். ரசாயனம் பட்டாலும், தொடர்ந்து வெயில் பட்டாலும், அரிவாள் நுனி லேசாகக் கீறினாலும் அந்தப் பட்டையின் பலம் போய்விடும் என்று அவர்களிடம் யாராவது சொன்னார்களா, தெரியவில்லை.

1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 29ஆம் பிரிவிலேயே, பாரம் தூக்கும் இயந்திரம், சங்கிலி, கயிறு எல்லாவற்றையும் தகுதியுள்ள ஒருவர் 12 மாதத்துக்கு ஒருமுறையாவது முழுமையாகச் சோதிக்க வேண்டும் என்று சொன்னது. ஆலைக்குள் மூட்டை தூக்கும் சங்கிலிக்கு அன்றைக்கே கிடைத்த கவனிப்பு, தோப்புக்குள் ஆளைத் தாங்கும் வடத்துக்கு இன்னும் வரவில்லை. அதே தோப்பில் கொப்பரை நிறுக்க வரும் வியாபாரியின் தராசுக்குக்கூட அரசு முத்திரை வேண்டும்.

பிரிட்டனில், மரத்தில் ஏறிக் கிளை கழிப்பவர்களின் கயிறு, இடுப்புவார், கொக்கி எல்லாம் 1998ஆம் ஆண்டின் தூக்குக் கருவி விதிமுறைகளுக்குள் வருகின்றன. ஆளைத் தாங்கும் கருவி என்பதால் பொதுவாக 6 மாதத்துக்கு ஒரு முழுச் சோதனை. சோதிப்பவர் எழுத்தில் அறிக்கை தர வேண்டும். உயிருக்கு ஆபத்தான குறை என்றால் வேலை கொடுப்பவருக்கு உடனே சொல்ல வேண்டும், அறிக்கையின் நகல் அரசு அதிகாரிக்கும் போக வேண்டும். ஏறுகிறவர் வேலைக்கு முன் தானே பார்த்துக்கொள்வது இதில் சேராது, அது தனி. அந்த விதியை அப்படியே இங்கே இறக்கச் சொல்லவில்லை. அவர்கள் கருவி வேறு, வேலையும் வேறு. ஆனால் ஏறுகிறவர் பார்த்தது போக இன்னொருவரும் பார்ப்பது என்ற ஏற்பாடு நமக்கும் பொருந்தும். “ஏறுகிறவனுக்குத் தெரியாததா?” என்று டீக்கடையில் என்னை மடக்குவார்கள். தெரியும்தான். ஆனால் தினமும் பார்க்கிற கண்ணுக்குத் தேய்மானம் பழகிவிடும். அதோடு, கருவி சரியில்லை என்று அவரே ஒத்துக்கொண்டால் அன்றைய கூலி போச்சு.

இந்தக் கூலி விஷயத்தை விட்டுவிட்டுச் சோதனை பற்றிப் பேசிப் பயனில்லை. முகாம் போட்டுக் கருவியை ஓரங்கட்டினால் மறுநாள் அவர் எதை வைத்து ஏறுவார்? அடுத்த முகாமுக்குக் கருவியைக் கொண்டுவரவே மாட்டார். எனவே வேளாண் அறிவியல் நிலையத்திலோ வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்திலோ ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோதனை வைத்தால், மாற்று வடமும் ரப்பரும் போல்ட்டும் அங்கேயே இருக்க வேண்டும். அன்றைக்கே மாற்றித் தர வேண்டும், முடியாவிட்டால் இரவலாக ஒரு கருவி கொடுத்தனுப்ப வேண்டும். காசர்கோட்டில் உள்ள மத்திய தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிலையம் செம்பேரிக் கருவிக்கென்று ஒரு பாதுகாப்பு இணைப்பை வடிவமைத்திருக்கிறது. பழைய கருவிகளுக்கு அதையும் அந்த முகாமிலேயே பொருத்திவிடலாம்.

சோதித்த கருவியில் தேதி பொறித்த தகடு ஒன்று தொங்கட்டும். வெட்டுக்கு ஆள் விடும் தோப்புக்காரர்கள் அதைப் பார்த்துவிட்டு மரத்தைக் காட்டட்டும். செலவையும் நாங்களே ஏற்கலாம். ஒன்றரை மாதம், இரண்டு மாதத்துக்கு ஒரு வெட்டு நடக்கிற தோப்பில் வருடத்துக்கு ஒரு வடத்தின் விலை பெரிய சுமை இல்லை. இதைச் சொன்னதற்கு எங்கள் பக்கத்து விவசாயிகளே என்மேல் கோபப்படுவார்கள், சரி.

வாரியத்தின் கேரா சுரக்ஷா காப்பீட்டோடு இந்தத் தகட்டை முடிச்சுப் போடலாமே என்று யாராவது யோசனை சொல்லக்கூடும். எனக்கு அதில் தயக்கம் உண்டு. தகட்டில் தேதி தாண்டிவிட்டது என்று காட்டி, விழுந்தவரின் குடும்பத்துக்குப் பணத்தை மறுக்க அது சாக்காகிவிடும். தகடு இருந்தால் பிரீமியத்தில் சலுகை என்று வைக்கலாம், அதற்கு மேல் வேண்டாம்.

மழைக்கு முன்பு நகரங்களில் சாலையோர மரங்களைக் கழிக்கும் ஒப்பந்தத் தொழிலாளர்களின் இடுப்புக் கயிறு பற்றித் தனியாக ஒரு கடிதமே எழுதலாம். டெண்டரில் ஒரு நிபந்தனை சேர்த்தால் அங்கே பாதி வேலை முடிந்துவிடும். தோப்பில் டெண்டரும் இல்லை, ஒப்பந்தமும் இல்லை. அதனால்தான் முகாம் கேட்கிறேன்.

அடுத்த முறை பயிற்சி முகாம் செய்தி வெளியிடும்போது, முந்தைய ஆண்டுகளில் கொடுத்த கருவிகளில் எத்தனை இன்னும் ஓடுகின்றன, அவற்றின் வடத்தைக் கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று அதிகாரிகளிடம் கேட்டு, அவர்கள் சொல்வதையும் சேர்த்து வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
தென்னை விவசாயி ஒருவர்,
பேராவூரணி வட்டம், தஞ்சாவூர் மாவட்டம்