நலத்துக்கு உயர்த்தும் கோப்பை

ஃப்ரைபுர்க், ஜெர்மனி

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நான் நலம். உங்கள் நலமும் அம்மாவின் நலமும் அறிய ஆவல்.

இங்கே விருந்துகளில் கோப்பையோடு கோப்பையை முட்டிக்கொள்கிறார்கள் என்று சென்ற கடிதத்தில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு, நான் குடிக்கப் பழகிவிட்டேனோ என்று அம்மா கவலைப்பட்டதாகத் தம்பி சொன்னான். என் கோப்பையில் இருப்பது சோடாத் தண்ணீர் கலந்த ஆப்பிள் சாறுதான். வேறு எதையும் குடிக்கும்படி யாரும் என்னை வற்புறுத்தியதில்லை. மே மாதம் ஊட்டி மலர்க் கண்காட்சி பார்க்க என்னுடன் வேலை செய்யும் அக்காவும் அவர் கணவரும் வருகிறார்கள், குன்னூரில் நம் வீட்டில்தான் தங்கப்போகிறார்கள் என்பதால், இந்தப் பழக்கத்தை உங்களுக்கு விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

முதன்முதலில் அவர்கள் வீட்டு விருந்துக்குப் போனபோது, தாகத்தில் கோப்பையை எடுத்து உடனே குடித்துவிட்டேன். எல்லோருக்கும் ஊற்றி முடித்து, வீட்டுக்காரர் கோப்பையை உயர்த்தும்வரை காத்திருக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாது. பிறகு அக்காவின் அப்பா, எண்பது வயதைத் தாண்டியவர், தம் கோப்பையை என் பக்கம் நீட்டினார். பெரியவர் அல்லவா, நான் நம் வழக்கப்படி தலையைத் தாழ்த்திக்கொண்டு கோப்பையை முட்டினேன். அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. நடுங்கும் விரல்களால் கோப்பையின் தண்டைப் பிடித்தபடி, நான் நிமிர்ந்து அவர் கண்ணைப் பார்க்கும்வரை அப்படியே காத்திருந்தார். பார்த்த பிறகுதான் ‘ட்சும் வோல்’ என்றார். ‘நலத்துக்கு’ என்பது அதன் பொருள். நாம் கடிதத்தின் முதல் வரியில் எழுதுவதை இவர்கள் முதல் மடக்குக்கு முன் சொல்கிறார்கள் என்று அன்றைக்குத் தோன்றியது. அதன் பிறகு இந்தப் பழக்கம் எனக்கு அந்நியமாகவே இல்லை.

ஒயினுக்கு அப்படிச் சொல்வார்கள். பீருக்குப் பெரும்பாலும் ‘ப்ரோஸ்ட்’. ஒயின் கோப்பையைத் தண்டில் பிடித்தால்தான் மணி போல ஒலிக்கும். கிண்ணப் பகுதியைக் கையால் பொத்திப் பிடித்தால் ஒலி அமுங்கிவிடும். இருவர் முட்டிக்கொண்டிருக்கும்போது அவர்கள் கைகளுக்குக் குறுக்கே கை நீட்டக் கூடாது. வெறும் தண்ணீரை உயர்த்துவதைச் சிலர் விரும்புவதில்லை. கண்ணைப் பார்க்காமல் முட்டினால் ஏழு ஆண்டுகளுக்குத் துரதிர்ஷ்டம் என்று சொல்லிச் சிரிப்பார்கள், ஆனாலும் பார்க்கத் தவறுவதில்லை. எட்டாத தூரத்தில் இருப்பவருக்குக் கோப்பையை உயர்த்திக் காட்டித் தலையசைத்தால் போதும்.

எஸ்டேட் பங்களாவில் பட்லராக இருந்த தாத்தா, துரைமார் தங்கள் ராஜாவின் பெயரைச் சொல்லி எழுந்து நின்று கோப்பையை உயர்த்துவார்கள், ஆனால் முட்டிக்கொள்ள மாட்டார்கள் என்று சொல்லுவாரே, நினைவிருக்கிறதா? இங்கேயும் பெரிய சபை விருந்துகளில் உயர்த்துவதோடு நிறுத்திக்கொள்வதே முறை என்கிறார்கள். முட்டிக்கொள்வது வீட்டு மேசைக்கும் நண்பர்களுக்கும் உரியது. அவரிடம் இன்னும் நிறையக் கேட்டிருக்கலாம் என்று இப்போது வருத்தமாக இருக்கிறது.

அம்மாவிடம் மறக்காமல் சொல்லுங்கள்: விருந்தினர் தேநீர் டம்ளரை நீட்டினால், எச்சில் என்று எண்ணிப் பின்வாங்க வேண்டாம். வாய் வைப்பதற்கு முன்புதான் முட்டுவார்கள். அம்மா அவர்கள் கண்ணைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தால் போதும், அவர்கள் மனம் குளிர்ந்துவிடும். நம் டம்ளர் சுடும், விளிம்பில்தான் பிடிக்க வேண்டும் என்றும், அண்ணாந்து குடிப்பவரைக் கண்டால் தங்களை ஒதுக்குவதாக நினைக்கக் கூடாது என்றும் நான் அவர்களிடம் சொல்லிவைத்திருக்கிறேன். அக்கா இப்போதே தினமும் வெறும் தண்ணீரில் அண்ணாந்து குடித்துப் பழகுகிறார். பாதி கழுத்தில்தான் வழிகிறது.

அலமாரியின் மேல்தட்டில் இருக்கும் கண்ணாடி டம்ளர்கள் ஆறையும் இறக்கிக் கழுவி வைக்கச் சொல்லுங்கள். எவர்சில்வர் டம்ளரில் அந்த ஒலி வராது.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்