புரோநோட்டின் பின்பக்கம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

"மூணு வருஷம் தாண்டிப்போச்சு, அந்த நோட்டு இனி செல்லாது." கடலூர், பண்ருட்டி, பாகூர் பக்கம் பழைய கடன் பேச்சு எழும்போதெல்லாம் இந்த வாக்கியமும் வந்துவிடும். அதை நம்பி சம்மனை வாங்காமல் விடுகிறவர்களுக்காகவே இதை எழுதுகிறோம். காலாவதியான கடனுக்குச் சட்டத்தில் பாதுகாப்பு உண்டு. ஆனால் கோர்ட்டுக்குப் போய் உண்மையைச் சொல்கிறவருக்குத்தான் அது முழுமையாகக் கிடைக்கும்.

1963-ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டப்படி, கேட்டவுடன் திருப்பித் தருவதாக எழுதிய புரோநோட்டின் மேல் வழக்குப் போட, அதில் உள்ள தேதியிலிருந்து 3 ஆண்டுதான் கெடு. கடன் கொடுத்தவர் எப்போது கேட்டார் என்பது கணக்கில் வராது. கெடு தாண்டிய வழக்கை, பிரதிவாதி (வழக்கை எதிர்கொள்பவர்) சொல்லாவிட்டாலும் கோர்ட்டே தள்ளுபடி செய்ய வேண்டும் என்று அதே சட்டத்தின் 3-ஆவது பிரிவு சொல்கிறது. அப்படியானால் பயமில்லை என்று தோன்றும். சிக்கல் நோட்டின் பின்பக்கத்தில் இருக்கிறது.

கெடு முடிய நாலைந்து நாள் இருக்கும்போது "அசலில் வரவு ரூ.500" என்று ஒரு வரியும் அதன் கீழே ஒரு கையெழுத்தும் இருந்தால், அந்தத் தேதியிலிருந்து புதிதாக 3 ஆண்டு ஓடத் தொடங்கும். கெடுவுக்குள் பணம் கட்டியிருக்க வேண்டும், கட்டியவரின் கையெழுத்தோ கைப்பட எழுதியதோ இருக்க வேண்டும். இதுவே 19-ஆவது பிரிவு. உண்மையாகவே கட்டியிருந்தால் மறுக்க வழியில்லை. கட்டாமலே எழுதப்பட்ட வரவுதான் வழக்கின் உயிர்நாடி. பிரதிவாதி ஆஜராகாவிட்டால் அந்த ஒரு வரியை மறுக்க ஆளில்லை. காலாவதியான கடன் கெடுவுக்குள் இருப்பதாகவே பதிவாகி, ஒருதலைப்பட்சமாக டிக்ரி, அதாவது பணத்தைக் கட்டச் சொல்லும் தீர்ப்பாணை, ஆகிவிடும். அதன்பின் அதை வசூலிக்க நிறைவேற்று மனு போட 12 ஆண்டு அவகாசம் உண்டு. ஜப்தி செய்ய கோர்ட் ஊழியரான அமீனா வந்து நிற்கும்போது 3 ஆண்டு வாதத்தை எடுத்தால், டிக்ரி சரியா தவறா என்று விசாரிக்க நிறைவேற்று நீதிமன்றத்துக்கு அதிகாரமில்லை என்பார்கள்.

ஆகவே சம்மனைக் கையெழுத்துப் போட்டு வாங்குங்கள். அது சம்மன் கிடைத்ததற்கான கையெழுத்து மட்டுமே, கடனை ஒப்புக்கொண்டதாக ஆகாது. வாங்க மறுத்தாலும் கிடைத்ததாகவே கொள்வார்கள். புதுச்சேரி கோர்ட்டிலிருந்து ரெட்டிச்சாவடிக்கு வந்த சம்மனை, வேறு மாநிலம் என்று ஒதுக்கிவிடக் கூடாது. கடன் அங்கே கைமாறியிருந்தால் அங்கே வழக்குப் போடலாம். எதிருரை (வழக்குக்கு நீங்கள் எழுத்தில் தரும் பதில்) தாக்கல் செய்ய 30 நாள், காரணம் காட்டினால் 90 நாள் வரை. சம்மனில் கட்டளை 37 (சுருக்க விசாரணை வழக்கு) என்று இருந்தால் ஆஜராகவே 10 நாள்தான், ஒரு நாளும் தள்ளக் கூடாது.

வக்கீலிடம் போகும் முன்னோ போன கையோடோ அசல் நோட்டைக் கோர்ட்டில் பார்வையிட மனு செய்யுங்கள். ஜெராக்ஸில் பலதும் தெரியாது. பின்பக்க வரவு யார் கையெழுத்தில் இருக்கிறது? முன்பக்கத்தில் உங்கள் பெயர் எழுதிய பேனாவும் இதுவும் ஒன்றா? காகிதம் மடிந்து தேய்ந்த கோட்டின் மேல் மை பரவியிருக்கிறதா? அந்தத் தேதியில் நீங்கள் ஆஸ்பத்திரியிலோ சிங்கப்பூரிலோ இருந்திருந்தால் டிஸ்சார்ஜ் சீட்டும் பாஸ்போர்ட்டும் பெரிய சாட்சி. கையெழுத்தை ஒப்பிட, அதே காலத்தில் நீங்கள் கையெழுத்துப் போட்ட வங்கிப் படிவம், பத்திரம் வேண்டும். மையின் வயதைச் சோதித்து எல்லாம் தெரிந்துவிடும் என்று மட்டும் எண்ண வேண்டாம், அது எளிதில் கைகூடுவதில்லை.

எதிருரையில் "வாதி (வழக்குப் போட்டவர்) சொல்வது அனைத்தும் பொய்" என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் போதாது. குறிப்பிட்டு மறுக்காததை ஒப்புக்கொண்டதாகவே கோர்ட் எடுத்துக்கொள்ளும். இன்ன தேதியில் இன்ன தொகை கட்டவில்லை, அந்தக் கையெழுத்து என்னுடையதல்ல, நோட்டின் தேதியிலிருந்து கணக்கிட்டால் வழக்கு காலாவதியானது என்று வரிவரியாக எழுத வேண்டும். அப்போது வரவை நிரூபிக்கும் பொறுப்பு வாதியின் தலையில் விழும்.

நாள் கணக்கில் கொரோனாவை மறக்க வேண்டாம். 15.03.2020 முதல் 28.02.2022 வரையுள்ள காலத்தை உச்ச நீதிமன்றம் கணக்கிலிருந்து நீக்கியது. 14.08.2019 தேதியிட்ட நோட்டுக்கு 2022 ஆகஸ்டில் முடிய வேண்டிய கெடு, இதனால் 2024 ஜூலை இறுதி வரை நீண்டது. கடைசி நாள் கோர்ட் விடுமுறை என்றால் திறக்கும் நாளில் போட்டாலும் சரி. நிலம், வீட்டு அடமானக் கடனுக்கு 12 ஆண்டு என்பதால் அதை இதோடு குழப்பக் கூடாது.

இன்னொரு கண்ணி, பேச்சுவார்த்தை. 2011-இல் அடித்த 'தானே' புயலில் முந்திரியும் பலாவும் சாய்ந்தபோது வாங்கிய கடனுக்கு இன்று ஒருவர் வந்து "கேஸெல்லாம் வேண்டாம், ஒரு கையெழுத்துப் போதும்" என்றால் நிதானியுங்கள். காலாவதியான கடனை வெறுமனே ஒப்புக்கொள்வதால் கெடு புதுப்பிக்கப்படாது. ஆனால் "திருப்பித் தருகிறேன்" என்று எழுதிக் கையெழுத்திட்டால், ஒப்பந்தச் சட்டம் 25-ஆவது பிரிவின்படி அது புதிய ஒப்பந்தம். காசோலை கொடுப்பதும் ஆபத்தே, அதையே புதிய வாக்குறுதியாகக் கருதலாமா என்பதில் உயர் நீதிமன்றங்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. மக்கள் நீதிமன்றம் நல்ல ஏற்பாடுதான், ஆனால் அங்கே கையெழுத்தான சமரசம் டிக்ரிக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. கடன் காலாவதியானதா என்று கேட்டறிந்த பிறகே உட்காருங்கள். மனசாட்சிக்காகத் திருப்பிக் கொடுக்க விரும்பினால் தாராளமாகக் கொடுக்கலாம், கொடுத்ததைத் திரும்பக் கேட்க முடியாது.

ஒருதலைப்பட்சத் தீர்ப்பு ஏற்கெனவே ஆகியிருந்தால், அதை நீக்கக் கோர 30 நாள். சம்மன் முறையாக வராதிருந்தால், தீர்ப்பு தெரியவந்த நாளிலிருந்து 30 நாள். தாமதத்துக்குக் காரணத்தைத் தேதியோடு சொல்ல வேண்டும்.

வக்கீல் வைக்க வசதியில்லை என்று விட்டுவிட வேண்டாம். பெண்கள், ஆதிதிராவிடர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் உள்ளிட்டோருக்கு வருமானம் பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு, மற்றவர்களுக்கு வருமான வரம்பு. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுக்கலாம், 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். போகும்போது சம்மன், பிராது (வாதியின் வழக்கு மனு) நகல், வந்த வக்கீல் நோட்டீஸ், பணம் கட்டிய ரசீதுகள், ஆதார் ஆகியவற்றைக் கையோடு கொண்டுபோங்கள். சம்மன் கிடைத்த தேதியை உறையின் மேலேயே எழுதி வையுங்கள், உறையைத் தூக்கி எறியாதீர்கள்.

இப்படிக்கு,
கடலூர் முதுநகர் வாசகர்கள்